லீஸா, ரென்ட்டா, லைசென்ஸா? ஒரு கோத்தகிரி அவுட்ஹவுஸ் சந்தேகம்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை அவுட்ஹவுஸ் இருக்கிறது. பெங்களூருக்காரத் தம்பதிக்கு 11 மாதம், மாத வாடகைக்கு விடப்போகிறேன். லீஸ் என்று எழுதினால் வீடு போய்விடும், லீவ் அண்ட் லைசென்ஸ் என்று போடுங்கள் என்கிறார் புரோக்கர். எது சரி சார்?"

வீடு எங்கும் போகாது அம்மா. நம்மூரில் லீஸ் என்றால், லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் குடிவைத்து, காலி செய்யும்போது அப்படியே திருப்பிக் கொடுப்பது. பெரியவர்கள் ஒத்தி என்பார்கள். பெங்களூரிலும் லீஸ் என்றால் இதைத்தான் நினைப்பார்கள். ஆனால் ஆங்கிலத்திலும் 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டத்திலும் லீஸ் என்பது இடத்தைக் காலக்கெடு வைத்து அனுபவிக்கக் கொடுக்கும் ஏற்பாடு, ரென்ட் என்பது அதற்காக மாதாமாதம் வரும் பணம். நீங்கள் கொடுப்பது லீஸ், வாங்குவது ரென்ட். குழப்பம் வேண்டாமென்றால் தலைப்பில் ரென்டல் அக்ரிமென்ட் என்று போடுங்கள். ஹையர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது ஜீப்புக்கு.

லீவ் என்றாலும் லைசென்ஸ் என்றாலும் வெறும் அனுமதிதான். இடம் உங்கள் கையில்தான் இருக்கும், அவர் வந்து தங்கிப் போவார். உங்கள் வீட்டுக்குள்ளேயே ஓர் அறை, காலையில் நீங்கள் இட்லி தருகிறீர்கள், வேலைக்காரம்மா தினமும் உள்ளே போய்ப் பெருக்குகிறார், வாசல் சாவி உங்களிடம் என்றால் அது லைசென்ஸ்தான், ஹோம்ஸ்டே மாதிரி. தனி வாசல், தனிச் சமையலறை, அவர்களே பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள் என்றால் அது லீஸ். டூப்ளிகேட் சாவியை நீங்கள் பீரோவில் வைத்திருப்பதெல்லாம் கணக்கில் வராது; பல்பு மாற்றக்கூட அவர்களைக் கேட்டுத்தானே உள்ளே போவீர்கள்? டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தும் தொழிலுக்குக் கொடுத்த அறைகளைப் பற்றிய வழக்கு ஒன்று உண்டு. பத்திரம் முழுக்க லைசென்ஸ் என்றிருந்தும், 1959-ல் உச்ச நீதிமன்றம் அதை லீஸ் என்றுதான் சொன்னது.

அப்புறம், லீவ் அண்ட் லைசென்ஸ் என்பது பம்பாய்ப் பழக்கம். கெடு முடிந்தும் போகாதவரை வெளியேற்ற மகாராஷ்டிராவின் 1999-ம் வருட வாடகைச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது, அந்தச் சட்டம் மலையேறி இங்கே வராது. புரோக்கர்கள் நெட்டில் கிடைத்த பம்பாய் படிவத்தில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு பத்திரத்தில் குடிவருபவருக்குத் தலைப்பில் லைசென்ஸி, முதல் பக்கத்திலேயே டெனன்ட், அடுத்த பக்கத்தில் லெஸ்ஸி, அதாவது லீஸுக்கு எடுப்பவர். ஒரே ஆள், மூன்று அவதாரம். எழுதியவரைக் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்.

11 மாதம் போட்டால் பதிய வேண்டாம் என்பதும் இவர்கள் பரப்புகிற கதைதான். தமிழ்நாட்டின் 2017-ம் வருட நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி குடியிருப்பு வாடகை ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஆன்லைனில் சுலபம் என்பார்கள். கரண்டும் நெட்டும் சேர்ந்து இருக்கிற நாளாகப் பார்த்து உட்காருங்கள், அதிலும் மழைக்காலத்தில். இதை வகுத்தவர்கள் யாரும் நவம்பரில் கோத்தகிரியில் இருந்ததில்லை போலிருக்கிறது.

புரோக்கர் தந்த படிவத்தின் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். தகராறு வந்தால் மும்பை நீதிமன்றம் என்று எங்காவது இருக்கும், முதலில் அதை அடித்துவிடுங்கள்.