ஒரு போரில் சிப்பாய் உண்மையில் எத்தனை நாள் சண்டையிடுகிறார்?

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பக்கம் இருந்த அமெரிக்கக் காலாட்படை வீரர் நான்கு ஆண்டில் 40 நாள்தான் சண்டையைப் பார்த்தார், வியட்நாமில் இருந்தவர் ஒரே ஆண்டில் 240 நாள் பார்த்தார் என்று ஒரு கணக்கு சுற்றுகிறதே, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். அப்படியே நம்பாதீர்கள். அந்த இரண்டு எண்ணிலும் "நாள்" என்பதற்கு ஒரே பொருள் இல்லை.

அமெரிக்காவின் 1-வது மரைன் டிவிஷன் (கடல்வழி இறங்கிச் சண்டையிடும் படைப்பிரிவு) 1942 ஆகஸ்ட் 7 அன்று பசிபிக்கில் உள்ள குவாடல்கனால் தீவில் இறங்கியது. அதற்கு மாற்றுப் படை வந்து பொறுப்பேற்றது டிசம்பர் 9-ல். அந்த ஒரு தீவிலேயே நான்கு மாதம். அதற்குப் பிறகும் கேப் குளோஸ்டர், பெலிலியு, ஒகினாவா என்று அதே டிவிஷன் போயிருக்கிறது. நேருக்கு நேர் பெரிய மோதல் நடந்த நாட்களை மட்டும் எண்ணினால் 40 வரலாம். ஆனால் மோதல் இல்லாத இரவுகளில் ஜப்பானியக் கப்பல்கள் கரையைக் குண்டுகளால் துளைத்துக்கொண்டிருந்தன. அந்த இரவுகளை எந்தக் கணக்கில் வைப்பது? வியட்நாமுக்கு வந்தால் அளவுகோல் மாறிவிடுகிறது. காட்டுக்குள் ரோந்து போன நாளெல்லாம் சண்டை நாள்தான், ஒரு தோட்டாகூடப் பாயாவிட்டாலும்.

எனக்குத் தெரிந்து தெளிவாக எண்ணி எழுதியவர் சார்லஸ் கேரிங்டன் என்ற பிரிட்டிஷ் இளம் அதிகாரி. முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்தவர். 1916-ஆம் ஆண்டை, அதாவது சோம் போர் நடந்த ஆண்டை, நாள் நாளாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். முன்வரிசைப் பதுங்குகுழியில் 65 நாள், அதற்குப் பின்னால் இருந்த துணை வரிசையில் 36 நாள். ஆக, எதிரியின் சூட்டுக்குள் இருந்தது 101 நாள். கூப்பிட்டால் நடந்து போய்ச் சேரும் தூரத்தில் காத்திருந்தது 120 நாள். ஓய்வு 73 நாள். மீதி மருத்துவமனை, விடுப்பு, பயிற்சி இப்படி. சரி, அந்த 101 நாளில் எத்தனை முறை உண்மையான சண்டை? நான்கே முறை. அதிலும் நேரடித் தாக்குதல் ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு "அவ்வளவுதானா" என்று நினைத்துவிடக் கூடாது. மற்ற நாட்களெல்லாம் சேற்றில் நின்று, பீரங்கி ஷெல் எப்போது விழும் என்று காது கொடுத்துக்கொண்டு இருந்த நாட்கள். மனிதனைத் தேய்ப்பது அதுதான்.

அந்தத் தேய்மானத்தை அளக்க முயன்றவர்கள் ஜான் ஆப்பெல் என்ற மனநல மருத்துவரும் கில்பர்ட் பீபி என்ற புள்ளியியலாளரும். இரண்டாம் உலகப் போரை வைத்து 1946-ல் இவர்கள் சொன்னது: அமெரிக்கக் காலாட்படை வீரர் 200 முதல் 240 போர் நாட்கள் வரை தாங்குவார், அதற்கு மேல் உடைந்துவிடுவார். வீரம் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை, யாராக இருந்தாலும் அதுதான் எல்லை. பிரிட்டிஷ் வீரருக்கு அது ஏறக்குறைய 400 நாள். காரணம் ரொம்ப எளிமையானது. பிரிட்டிஷ் படையில் 12 நாளுக்குள் பின்னால் இழுத்து 4 நாள் ஓய்வு கொடுத்தார்கள். அமெரிக்கர்களை 20, 30 நாள், சில நேரம் 80 நாள்கூட மாற்று ஆளில்லாமல் வரிசையிலேயே வைத்திருந்தார்கள். அந்த ஓய்வு கிடைத்திருந்தால் எத்தனை பேர் முழு மனிதராக வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

பிறகு செய்த ஆய்வில் இவர்களே அளவுகோலை இன்னும் கறாராக்கினார்கள். கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவில் ஒருவராவது அடிபட்டாலோ இறந்தாலோதான் அது ஒரு போர் நாள். அப்படி எண்ணினால் சராசரி வீரர் உடையும் இடம் 88 நாள். மேற்கு ஐரோப்பாவில் அப்படி ஒரு போர் நாளுக்குக் காலண்டரில் 3.6 நாள் ஆனது, இத்தாலியை உள்ளடக்கிய மத்தியதரைக்கடல் பகுதியில் 7.8 நாள். அதாவது அதே 88 நாளை எட்ட ஓரிடத்தில் பத்து மாதம் போதும், இன்னோர் இடத்தில் இரண்டு வருடம் நெருங்கிவிடும். "எத்தனை நாள்" என்ற கேள்விக்கு ஒற்றை எண் ஏன் கிடையாது என்பது இதிலேயே தெரியும்.

இந்த 88 நாள் கணக்கைப் படித்தபோது எனக்கு என் தாத்தா ஞாபகம்தான் வந்தது. வேலூர் பக்கத்துக் கிராமம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தவர். சின்ன வயதில் நான், "எத்தனை நாள் தாத்தா சண்டை போட்டீங்க?" என்று கேட்பேன். "சண்டை எங்கடா போட்டோம்? ரோடு போட்டோம், பாலம் கட்டினோம்" என்பார். விடாமல் கேட்டால் திண்ணையில் உட்கார்ந்தபடி விரலை மடக்க ஆரம்பிப்பார். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெயர் சொல்வார். எல்லாம் அவருடைய செக்‌ஷன் ஆட்கள். இரண்டு கையும் மடங்கியபின் மறுபடி வலது கட்டைவிரல். "பதினொண்ணு."

1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றைத் தாண்டிய கதையையும் அவர்தான் சொல்லியிருக்கிறார். ராத்திரி முழுக்க ஷெல் விழ விழ, இடுப்பளவு தண்ணீரில் நின்று தெப்பத்தை இழுத்தார்களாம். அதையும் சேர்த்தால் பன்னிரண்டு ஆகாதா தாத்தா என்று ஒருமுறை கேட்டேன்.

"அது எப்படிடா சேரும்? அன்னிக்கு யாரும் போகலையே" என்றார்.