புல்லட்டுக்குக் கைவேலை டீகம்ப்ரஷன் லீவர்: கேள்வி பதில்

குன்னூரில் பழைய இரும்பு இன்ஜின் புல்லட் 350-ஐ வருடக்கணக்காகப் பிரித்துப் பூட்டி ஓட்டுகிறேன். டீகம்ப்ரஷன் லீவர் என்பது இன்ஜினுக்குள் அமுங்கும் காற்றை வெளியே விட்டு, கிக்கரை லேசாக்கும் சிறு கைப்பிடி. அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரி: அண்ணா, என் புல்லட்டில் டீகம்ப்ரஷன் லீவரும் கேபிளும் இல்லை. இன்ஜினில் குட்டிக் கை மட்டும் இருக்கிறது. சைக்கிள் பிரேக் லீவர் போடலாமா?

தாராளமாக. கியர் சைக்கிளின் லீவர் 22 மி.மீ. ஹேண்டில்பாருக்கு அப்படியே உட்காரும். ஆனால் முதலில் அந்தக் குட்டிக் கையை பிளேயரால் இழுத்துப் பாருங்கள். கிக்கர் லேசாக இறங்க வேண்டும், விட்டதும் கை தானாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லையா, கேபிள் வாங்கப் போகாதீர்கள். அதைக் கழற்றித் துருவை எடுப்பதுதான் முதல் வேலை.

அந்தக் குட்டிக் கை செய்வதெல்லாம் எக்ஸாஸ்ட் வால்வைக் (புகை வெளியேறும் வால்வ்) கொஞ்சம் தூக்கிப் பிடிப்பதுதான். கேபிள் இறுகியிருந்தால் வால்வ் முழுக்க மூடாது. அதனால் லீவரை விட்ட நிலையில் கேபிளில் 2, 3 மி.மீ. தொய்வு கட்டாயம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் அது இறுகக் கூடாது. நான் முதல்முறை "டைட்டா இருந்தா நல்லது" என்று கட்டினேன். கட்டபெட்டு ஏறுவதற்குள் வண்டி இழுக்கவே இல்லை. பிரித்தால் வால்வ் ஓரம் கருகியிருந்தது. டாப்பெட் (வால்வ் இடைவெளி) அட்ஜஸ்ட் செய்யும்போதெல்லாம் இந்தத் தொய்வையும் பாருங்கள். நம் ஊர் மஞ்சுக்கும் மழைக்கும் கேபிள் உள்ளே துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். மாதம் ஒருமுறை எண்ணெய் விடுங்கள்.

கொடைக்கானல்: லீவர் போட்டும் கிக்கர் திருப்பி அடிக்கிறது. கணுக்கால் வீங்கிவிட்டது.

பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவராமல் உதைக்கிறீர்கள் போலிருக்கிறது. பாயின்ட் வண்டி (காண்டாக்ட் பாயின்ட் திறந்து பொறி தரும் பழைய வகை) என்றால் சாவியைப் போட்டு, அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்துங்கள். இப்போது லீவரைப் பிடித்து இன்னும் துளி நகர்த்தி, லீவரை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, தயங்காமல் முழுக்க ஒரே உதை. அப்படியும் அடித்தால் டைமிங் முன்னால் போயிருக்கிறது, அதாவது பொறி சீக்கிரமே விழுகிறது.

மசினகுடி: கல்லட்டி இறக்கத்தில் லீவரைப் பிடித்தால் வேகம் குறையுமா?

ஐயோ, வேண்டாம் தம்பி. இருக்கும் இன்ஜின் பிடிமானமும் போய்விடும், வால்வும் கருகும். 36 கொண்டை ஊசிக்கும் இரண்டாவது கியர், முதல் கியர்தான்.

ஊட்டி: டிசம்பர் உறைபனியில் கிக்கர் கல்லாக இருக்கிறது. மலையில் கம்ப்ரஷன் அதிகமா?

மாறாக, 2,240 மீட்டரில் காற்று மெலிசு, அமுக்கம் குறைவுதான். கெட்டியான ஆயிலும் ஒட்டிக்கொண்ட கிளட்ச் தட்டுகளும்தான் காரணம். கிளட்சைப் பிடித்து நான்கு உதை, பிறகு சாவி போடாமல் லீவரைப் பிடித்து நான்கு உதை. அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

குன்னூர்: என் ஸ்ப்ளெண்டருக்கும் போட்டுத் தருவீர்களா?

நூறு சிசி வண்டியைக் கையாலேயே உதைக்கலாமே, தம்பி!