ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பார்த்துத்தான் வீடு வாங்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் குடும்பம் அமெரிக்காவில், டாலஸ் பக்கம் பிளேனோவில் வாடகைக்கு இருக்கிறது. பேத்தியைச் சேர்க்க ‘நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’டில் வீடு வாங்கியே தீருவேன் என்று மாப்பிள்ளை நிற்கிறார். கடனோ பெரிது. அரசுப் பள்ளி இலவசம் என்கிறார்களே, அப்புறம் எதற்கு இந்த ஓட்டம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இலவசம்தான் அம்மா. ஆனால் அந்த ஃபீஸ் வீட்டு விலையிலும் சொத்து வரியிலும் ஒளிந்திருக்கிறது. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு; வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அதை வைத்துத்தான் பிள்ளைக்குப் பள்ளி. பிளேனோ இருக்கும் டெக்சஸ் மாநிலத்தில் அது நகராட்சிக்குக் கீழே வருவதில்லை. அதற்குத் தனி எல்லை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தனி போர்டு, தனி வரி. நகர எல்லையும் பள்ளி எல்லையும் ஒத்துப்போகாது. முகவரியில் பிளேனோ என்று இருக்கும், பிள்ளை போவது ஃப்ரிஸ்கோ டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்காக இருக்கும். ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பாமல், டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் கதவு எண்ணோடு முகவரியைப் போட்டு எலிமெண்டரி, மிடில், ஹைஸ்கூல் மூன்றும் எது எது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த எல்லையும் நிலையானது இல்லை. ஊர் வளர்ந்து புதுப் பள்ளி திறந்தால் எல்லைக் கோட்டை மாற்றி வரைவார்கள். பிளேனோவிலேயே மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் 4 பள்ளிகளை மூடுவதென்று 2024இல் போர்டு முடிவெடுத்தது. ஒரு பள்ளியை மட்டும் நம்பி 30 வருஷக் கடன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இணையத்தில் 10க்கு இத்தனை என்று போடும் மதிப்பெண்ணும் பெரும்பாலும் பரீட்சை மார்க்கை வைத்து வருவது; பெற்றோரின் படிப்பும் வருமானமும்தான் அதில் பாதிக் கதை சொல்லும்.

பேத்தி படிக்க சொந்த வீடு தேவையே இல்லை. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் என்று அங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சி காட்டினால் சேர்த்துக்கொள்வார்கள். வீசா பற்றியும் பயம் வேண்டாம்: ஆவணமே இல்லாத குழந்தைகளைக்கூட டெக்சஸ் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். தாத்தா வீட்டு முகவரியைக் காட்டி இரண்டு மகள்களைப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டில் படிக்க வைத்த ஒஹாயோ தாய் ஒருவர், 2011இல் அதற்காக ஜெயிலுக்கே போக நேர்ந்தது.

கேள்வி: அப்படியானால் பணக்காரப் பகுதிக்கு ஒரு படிப்பு, ஏழைகளுக்கு இன்னொன்றா? கோர்ட் கேட்காதா?
– வாசகர், கோவை

பதில்: கேட்டார்கள், தோற்றார்கள். அதுவும் இதே டெக்சஸில். சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் ஏழை டிஸ்ட்ரிக்ட். பக்கத்திலேயே அலமோ ஹைட்ஸ், வசதியான புறநகர். 1967-68இல் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டியும் அதிலிருந்து ஒரு மாணவனுக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான் வரி, கிடைத்ததோ 333 டாலர். அதிகம் கட்டியவர்களுக்குத்தான் குறைவு! 1973இல் உச்ச நீதிமன்றம், கல்வி அரசியல் சாசனம் உறுதி செய்த அடிப்படை உரிமை அல்ல என்று, எட்ஜ்வுட் பெற்றோர் போட்ட வழக்கை 5-4 என்ற நீதிபதிகள் கணக்கில் தள்ளிவிட்டது. எனக்கு அது இன்றும் ஆறாத கோபம். ஆனால் எட்ஜ்வுட் விடவில்லை. மாநில நீதிமன்றத்துக்குப் போய் 1989இல் ஜெயித்தது, 1993இல் சட்டம் வந்தது: சொத்து மதிப்பு அதிகமுள்ள டிஸ்ட்ரிக்ட்டுகள் வரியில் ஒரு பங்கை விட்டுத்தர வேண்டும். ‘எங்கள் பணம் எங்கள் பிள்ளைகளுக்கே’ என்று புறநகர்களில் இன்றும் முணுமுணுப்பு உண்டு. நான் அந்தச் சட்டத்தின் பக்கம்தான்.