கண்ணில் பொறி

அன்புள்ள ஐயாவுக்கு,

வயது 61. கூட்டுறவு வங்கியில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். போன வாரம் நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது வலது கண்ணின் காதோரப் பக்கம் பளிச்சென்று வில் மாதிரி ஒரு மின்னல். வெளியே மழை இல்லை. கண்ணைத் திருப்பும்போதெல்லாம் வருகிறது. மறுநாள் காலை பேப்பர் படிக்கும்போது எழுத்துகளின் மேல் ஒரு கொசு. கையால் ஓட்டினேன், போகவில்லை. வலி இல்லை, பார்வையும் குறையவில்லை. பக்கத்து வீட்டு அம்மா நந்தியாவட்டைப் பூ வைக்கச் சொல்கிறார். தீபாவளிக்கு மகன் வரும்போது டாக்டரிடம் போகலாம் என்றிருக்கிறேன். உங்களுக்கும் கண்ணில் ஏதோ வந்ததாக முன்பு ஒரு கட்டுரையில் ஓரிரு வரி எழுதியிருந்தீர்கள். காத்திருக்கலாம்தானே?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

காத்திருக்கக் கூடாது. உங்களுக்குத் தனியாக மெயிலில் இரண்டே வரி எழுதிவிட்டேன்: இன்றே, முடியாவிட்டால் நாளைக் காலை, விழித்திரை (ரெட்டினா) பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். கீழே இருப்பதைத் திரும்பி வந்து படித்தால் போதும்.

எனக்கு வந்தது நான்கு வருடம் முன்பு. கம்ப்யூட்டரில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் நடுவே ஒரு தலைமுடி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன், திரையைத் துடைத்தேன், மறுபடி கண்ணாடியைத் துடைத்தேன். மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தபோது முடியோடு ஒரு மோதிரமும் மிதந்தது. கண்ணை நிறுத்தினாலும் அது நிற்காமல் கொஞ்சம் ஆடிவிட்டு அடங்கியது. கண்ணாடிக் கடைக்குப் போனேன். "பவர் மாறியிருக்கு சார்" என்று புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். அந்த வகையில் 9 நாள் போயிற்று. புதுக் கண்ணாடி வழியாகவும் மோதிரம் அழகாகத் தெரிந்தது.

நடப்பது இதுதான். கண்ணுக்குள் சுமார் 4 மில்லி கூழ் நிரம்பியிருக்கிறது. பெயர் விட்ரியஸ். கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர். மெல்லிய நார்கள்தான் அதைக் கட்டியாக நிறுத்துகின்றன. முந்தாநாள் தயிரைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு, கட்டி சுருங்கி, சட்டியின் சுவரை விட்டு விலகி நிற்கும். ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் நம் கண்ணிலும் அதேதான். எனக்குப் போலக் கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும், கண்புரை அறுவை செய்தவர்களுக்கும் கொஞ்சம் முன்னதாகவே வரும். ஆஸ்பத்திரிச் சீட்டில் பி.வி.டி. என்று மூன்றெழுத்து எழுதுவார்கள். கூழ் கண்ணின் பின்சுவரை விட்டு விலகுகிறது என்று அர்த்தம். நான் பார்த்த மோதிரம், பார்வை நரம்பின் வாயைச் சுற்றி ஒட்டியிருந்த பகுதி கழன்று வந்தது. வைஸ் வளையம் என்று பெயர்.

சரி, மின்னல் எங்கிருந்து வருகிறது? கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டால் கண்ணில் பொறி பறக்கிறதே, அதே கணக்கு. கூழ் ஒட்டியிருக்கும் அந்தப் பின்சுவர்தான் விழித்திரை. விலகும் கூழ் அதை இழுக்கிறது. விழித்திரைக்கு வெளிச்சம் ஒன்றுதான் தெரியும். இடித்தாலும் இழுத்தாலும் அது வெளிச்சம் என்றே மூளைக்குச் சொல்லும். வலியைச் சொல்லத் தெரியாது. வலி இல்லை என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரும்பாலானவர்களுக்குத் தயிர் சுவரை விட்டுச் சாதுவாக விலகிவிடும். சிலருக்கு எங்காவது ஒட்டிக்கொண்டு, விலகும்போது விழித்திரையையும் கிழித்துவிடும். இப்படி மின்னலோ கொசுவோ புதிதாகக் கண்டு போகிறவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கும். அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் பின்னால் இறங்கினால் விழித்திரை ஈரச் சுவரின் சுண்ணாம்பு மாதிரி உரிந்துவிடும். கிழிசல்தான் மூலம், அதை அடைத்தால் கண் பிழைக்கும் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனன் நிறுவும் வரை, அதாவது 1920கள் வரை, விழித்திரை உரிந்தால் அநேகமாகக் குருடுதான். கிழிசலைச் சூட்டால் ஒட்டவைக்கும் வெளிச்ச வைத்தியம் வந்த கதை இன்னும் விசேஷம். 1945 ஜூலை கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துக் கண்ணைச் சுட்டுக்கொண்ட ஒரு மாணவரின் தழும்பைப் பார்த்துத்தான் மேயர்-ஷ்விக்கராத் என்ற ஜெர்மன் மருத்துவருக்கு அந்த யோசனை வந்தது. முதலில் சூரிய வெளிச்சத்தையே கண்ணுக்குள் பாய்ச்சிப் பார்த்தார். இன்றைய லேசர் அந்த வழியில் வந்ததுதான்.

உங்கள் கொசு எந்த வகை என்று உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். என்னைப் படுக்கவைத்து, தலையில் விளக்கு மாட்டிய மருத்துவர், இமைமேல் ஒரு சின்னக் கம்பியால் அழுத்திக்கொண்டே "மேலே பாருங்க, இப்போ காதுப் பக்கம் பாருங்க" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிழிசல் இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். நான் போவதாக இல்லை. மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு மேல் ஓரத்தில் குதிரை லாடம் போல ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. அதைச் சுற்றி லேசரால் வேலி கட்டினார்கள். பச்சை வெளிச்சம், நாலைந்து இடத்தில் சுருக்கென்றது, அவ்வளவுதான். ஆகவே முதல் தடவை ஒன்றுமில்லை என்று அனுப்பினாலும் இரண்டாவது தடவையை விடாதீர்கள். இரண்டு தடவைக்கும் இடையில் மிளகுப்பொடி தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள் கொட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை விழுந்தாலோ நாள் பார்க்க வேண்டாம், அப்போதே கிளம்புங்கள்.

கிழிசல் இல்லையென்றால் வைத்தியமும் இல்லை. கொசுவைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கூழையே எடுத்துவிடும் அறுவை உண்டு, ஆனால் பின்னாலேயே கண்புரை வரும், விழித்திரை உரியும் அபாயமும் கூடவே உண்டு. ஒரு கொசுவுக்கு அது அதிகம். மின்னல் சில வாரங்களில் அடங்கும். கொசு கீழே இறங்கும், மூளையும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அடுத்த கண்ணுக்கும் ஓரிரு வருடத்தில் இதே கூத்து வரலாம், அப்போதும் இதே மாதிரி போய்க் காட்ட வேண்டும்.

நந்தியாவட்டை செடியிலேயே இருக்கட்டும்.

அப்புறம், ஸ்கூட்டரில் போகாதீர்கள். சொட்டு விட்டால் சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கல், வெயில் பட்டால் கண் கூசும். ஒரு கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின் வீட்டில் யாராவது சும்மா இருந்தால் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.