நேற்று நான்கு நிலா, இன்று மூன்று: லென்ஸ் கோளாறா?

வணக்கம். 70 மி.மீ. தொலைநோக்கியில் நேற்று வியாழனுக்கு நான்கு நிலா தெரிந்தது, இன்று மூன்றுதான், லென்ஸ் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து லென்ஸைக் கழற்றிவிடாதீர்கள்! காணாமல் போனது பெரும்பாலும் அயோ என்ற நிலாவாகத்தான் இருக்கும். வியாழனை ஒருமுறை சுற்ற அதற்குச் சுமார் 42 மணி நேரம் போதும். ஒவ்வொரு சுற்றிலும் கோளுக்குப் பின்னால் போய் மறையும். முன்னால் வந்தாலோ வியாழனின் வெளிச்சத்தில் கரைந்துவிடும். இரண்டு நிலா நெருங்கி ஒரே புள்ளியாகத் தெரிவதும் உண்டு. 1610 ஜனவரி 7 அன்று கலிலியோவுக்கே மூன்றுதான் தெரிந்தது; நான்கையும் சேர்த்துப் பார்த்தது 13ஆம் தேதிதான். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், வியாழனின் விளிம்பருகே ஊசிமுனை போல ஒரு புள்ளி முளைத்திருக்கலாம். அப்புறம் ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருளில் நீங்கள் பார்த்த நேரத்தைப் போட்டுச் சரிபாருங்கள்.