பெட்டி வாங்குவதற்கு முன்னால்: தேனீ வளர்ப்பு கேள்வி பதில்

கேள்வி: மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். வீடியோக்கள் பார்த்துப் பார்த்து தேனீ வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. கூட்டத்தோடு பெட்டியை அனுப்பி வைப்பதாக வெளிமாவட்ட வியாபாரி ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? இல்லை, முதலில் ஏதாவது சங்கத்தில் சேர வேண்டுமா?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: முதலில் சங்கம், பெட்டி அப்புறம். நான் ஒடுகத்தூர் பக்கம் புளியும் தென்னையும் வைத்திருப்பவள். எங்கள் சங்கத்துக்குப் புதிதாக வருகிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தை மாதம் வந்து சேருங்கள், அடுத்த தை வரைக்கும் மற்றவர்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு வருஷத்துப் பூவையும் ஒரு வருஷத்துப் பஞ்சத்தையும் கண்ணால் பார்த்தபிறகு சொந்தப் பெட்டி வாங்கலாம்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு உறுப்பினரின் தோப்பில் கூடுவோம். வெயில் ஏறி, தேனீக்கள் வேலைக்குப் போனபிறகுதான் பெட்டியைத் திறப்போம். தேங்காய் நார்ப் புகை கொஞ்சம் விட்டால் போதும், அதிகம் போனால் அவை மிரளும். புதியவர் கையில் அடை கட்டிய மரச்சட்டம் ஒன்றைக் கொடுத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்வேன். அப்போதுதான் வெளிச்சம் தோள் மேலாக வந்து அறைகளுக்குள் விழும். அடியில் வெள்ளை நூல் துணுக்கு போல ஒன்று தெரியும். அதுதான் முட்டை. நிமிர்ந்து நின்றால் புதிதாக இட்டது, சாய்ந்திருந்தால் இரண்டாம் நாள், படுத்துவிட்டால் மூன்றாம் நாள். ராணியைத் தேடிச் சட்டம் சட்டமாகப் புரட்ட வேண்டியதே இல்லை. நிமிர்ந்த முட்டை இருக்கிறதா, ராணியும் இருக்கிறது. பெட்டியை மூடிவிடலாம்.

ஆண் தேனீ அறைகளின் மூடியில், நடுவில் ஊசித் துளை இருக்கும். நம் இந்தியத் தேனீக்கு அது இயல்பு. முதல் தடவை பார்ப்பவர்கள் நோய் என்று பயந்துவிடுகிறார்கள். அந்த மூடிகள் அதிகமாகிவிட்டால் கூட்டம் இரண்டாகப் பிரியத் தயாராகிறது என்று எடுத்துக்கொண்டு, சட்டத்தின் கீழ் ஓரத்தில் புது ராணி வளரும் ராணி அறை தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் நின்றால் இதெல்லாம் ஒரே காலையில் புரிந்துவிடும்.

வெளிமாவட்டக் கூட்டம் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. 1991-92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. தேனீப் புழு தன் அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கும், இடுக்கியால் எடுத்தால் நீர் கோத்த பையாக வரும். கூட்டங்களை ஊர் விட்டு ஊர் கொண்டுபோனால் அந்த நோயும் கூடவே போகும். நம் ஊர்க் கிணற்றுச் சுவரிலும் பனைப்பொந்திலும் வந்து உட்காரும் கூட்டம் வேலூர் வெயிலுக்குப் பழகியது. சங்கத்தில் இருந்தால் அப்படி ஒரு கூட்டம் இறங்கியதும் உங்களுக்கு போன் வரும். தேன் எடுக்கும் இயந்திரமும் சங்கத்தில் பொதுவில் இருக்கும், தனியாக வாங்கும் செலவு மிச்சம்.

பெட்டி என்று வரும்போது நியூட்டன் பெட்டி போதும். நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார் 1910களில் நம் தேனீயின் அளவுக்கென்றே அமைத்தது அது. கீழே, முட்டையும் புழுவும் வளரும் புழு அறை என்ற அடுக்கில் ஏழு சட்டம், அதன் மேல் தேன் அறை. மொட்டை மாடியில் வைப்பதானால் கீற்றுக் கொட்டகை நிழல் கட்டாயம். சித்திரை வைகாசியில் தளம் கொதிக்கும்போது தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, இறக்கையால் விசிறித்தான் கூட்டைக் குளிர்விக்கின்றன. அகலமான மண் சட்டியில் கூழாங்கல் நிரப்பி, கல் தலை தெரிகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கல் இல்லாவிட்டால் முழுகிச் சாகும்.

கேள்வி: தென்னந்தோப்பில் இரண்டு பெட்டி வைத்தேன். சித்திரையில் நல்ல தேன். ஆவணியில் திறந்து பார்த்தால் ஒரு தேனீ கூட இல்லை, அடை முழுக்க நூலாம்படை. யாராவது மருந்து வைத்துவிட்டார்களோ என்று சந்தேகம்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, மருந்து என்றால் பெட்டி வாசலில் பிணங்கள் கிடந்திருக்கும், பலவற்றுக்கு நாக்கு வெளியே நீண்டிருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பசியால் கூட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கின்றன என்றே நினைக்கிறேன். நூலாம்படை மெழுகுப்பூச்சியின் வேலை. காவலுக்குத் தேனீ குறைந்த அடையில் அது சீக்கிரம் புகுந்துவிடும்.

நம் பக்கத்தில் தை மாசியில் மாம்பூ, பங்குனி சித்திரையில் புங்கம், வேம்பு. பிறகு புளி பூத்து ஓயும். ஆடிக் காற்று வீசும்போது வயலில் எள்ளோ சூரியகாந்தியோ இல்லையென்றால் தேன் வரத்து மிகவும் குறைந்துவிடும். தென்னம்பாளை வருஷம் முழுக்க மகரந்தம் தரும், ஆனால் அதை மட்டும் நம்பிக் கூட்டம் நிற்காது. சித்திரையில் புழு அறைச் சட்டத்தில் இருந்த தேனையும் எடுத்தீர்களா என்று எழுதவில்லை. எடுத்திருந்தால் காரணம் அதுதான். மேல் அறையில், முக்கால்வாசிக்கு மேல் மெழுகால் மூடிய அடையில் இருப்பது மட்டுமே நமக்கு. மூடாத தேனில் ஈரம் அதிகம், எடுத்தாலும் புளித்துப்போகும்.

இனிமேல் ஆடி பிறந்ததும் வாரம் ஒரு தடவை அடிப்பலகையைப் பாருங்கள். பழுப்புத் தூளும் புழு எச்சமும் தென்பட்டால், தேனீ உட்காராத கறுத்த அடைகளை வெட்டி எடுத்துவிட்டு, கூட்டத்தை நாலைந்து சட்டத்துக்குள் நெருக்கி வையுங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சரிபாதியாகக் கரைத்து, பொழுது சாய்ந்தபிறகு பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ அடுத்த கூட்டம் கொள்ளையடிக்க வரும். பெட்டித் தாங்கியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறீர்கள்தானே? எறும்பு ஏறினாலும் கூட்டம் போய்விடும்.

இன்னொன்று. பக்கத்து மாந்தோப்புக்காரரிடம் மார்கழியிலேயே பேசி வையுங்கள். தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகளைப் பூக்கும் நேரத்திலேயே அடிக்கிறார்கள். பூ விரிவதற்கு முன்பே அடிக்க முடியுமா என்று கேளுங்கள். தேனீ வந்தால் அவர் மரத்திலும் காய்பிடிப்பு கூடும் என்பதை எடுத்துச் சொன்னால் பலர் கேட்கிறார்கள்.

கேள்வி: கொட்டினால் என்ன செய்வது?
- கல்லூரி மாணவர், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, கொடுக்கு தோலில் இருக்கும்வரை விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டு, அங்கிருந்து நகர்ந்துவிடு. கொட்டிய இடத்தில் வரும் பழுத்த வாழைப்பழ வாசம் மற்ற தேனீக்களையும் கூப்பிடும். வீக்கமும் அரிப்பும் சாதாரணம். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், மயக்கம் என்றால் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சென்ட் போட்டுக்கொண்டு பெட்டி பக்கம் போகாதே.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பத்துப் பேர். ஜவ்வாது மலையிலிருந்து வரும் மலைத்தேனுக்கு நல்ல விலை. அந்தத் தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியுமா? பயிற்சி எங்கே கிடைக்கும்?
- வாசகி, ஆலங்காயம்

பதில்: மலைத்தேனீயைப் பெட்டியில் அடைக்க முடியாது. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் திறந்த வெளியில் ஒரே பெரிய அடை கட்டி, பருவம் மாறினால் இடம் மாறிப்போகும் இனம் அது. இருட்டுப் பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீதான் உங்களுக்கு.

பயிற்சிக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலும் கற்றுத் தருகிறார்கள். மானியம் பற்றி உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் மானியம் வருகிறதே என்று பத்துப் பேருக்கும் பத்துப் பெட்டி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அப்படி வாங்கிய பெட்டிகள் பரணில் விறகோடு கிடப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. குழுவுக்கு இரண்டு பெட்டி, எல்லோரும் முறை வைத்துப் பாருங்கள். எந்த வாரம் எது பூத்தது, எத்தனை சட்டத்தில் புழு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மார்கழிக்குள் பெட்டி தயாராக இருக்கட்டும். தை மாசியில் கூட்டங்கள் பிரியும், உள்ளூரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளலாம்.