முடி வெட்டிய கலகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செர்பியாவின் பெகின்ஷ்கா பட்கா (பீகிங் வாத்தாம், நல்ல பெயர்!) என்ற பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கலந்த கலக ராக்) குழுவின் முதல் இசைத்தொகுப்பைப் பற்றிப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். தேடிக் கேட்டேன், பிடித்திருந்தது. ஆனால் ஓர் உறுத்தல். 1980இல், கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட யூகோஸ்லாவியாவில், நாட்டின் பெரிய இசைத்தட்டு நிறுவனமே அதை வெளியிட்டிருக்கிறது. அரசு அனுமதித்த கலகம் கலகமாகுமா? லண்டன் பங்க்கைப் பார்த்துப் போட்ட வேஷம் என்கிறார் நண்பர்.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் யூகோஸ்லாவியாவைச் சோவியத் ரஷ்யா என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார். 1948இலேயே யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கும் ஸ்டாலினுக்கும் ஆகாமல் போய்விட்டது. அறுபதுகளிலிருந்து அந்நாட்டு மக்கள் மேற்கு ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். ஸாக்ரெப் நகரின் யூகோட்டோன் நிறுவனம் சமூக உடைமைதான். ஆனால் தன் வருமானத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். மேற்கத்திய இசைத்தட்டுகளை உரிமம் வாங்கி விற்றதும் அதுதான். பையன்கள் வாங்குவார்கள் என்றால் பங்க் இசையையும் விற்கத்தானே செய்யும்?

அதற்காகக் கட்டுப்பாடே இல்லை என்றில்லை. தரக்குறைவு என்று தீர்மானிக்கப்பட்ட இசைத்தட்டின் தலையில் ‘ஷுண்ட்’ வரி விழும், விலை ஏறும். தடை போட்டால் ஊரெல்லாம் பேச்சாகும், வரி போட்டால் சத்தமில்லாமல் காரியம் முடியும். அப்படிப்பட்ட இடத்தில் இவர்கள் தங்கள் தொகுப்புக்கு ‘ப்ளிட்கா பொயேசியா’ என்று பெயர் வைத்தார்கள். ஆழமில்லாத கவிதை. நீங்கள் திட்டுவதற்குள் நாங்களே திட்டிக்கொள்கிறோம் என்கிற குசும்பு. தங்களை முதல் ஆர்த்தடாக்ஸ் (செர்பியர்களின் கிறித்தவப் பிரிவு) பங்க் குழு என்று அழைத்துக்கொண்டதும் அந்த வகைதான், அதுவும் மதமென்றாலே முகம் சுளிக்கிற கட்சியின் ஆட்சியில்.

செர்பியாவிலிருந்து வந்த முதல் பங்க் தொகுப்பு என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டத்தைவிட அதன் குரல் முக்கியம். குழுவின் பாடகர் நெபோய்ஷா சோன்கிச் பாடுவதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாரைப் போலப் பேசிக்காட்டுகிற மாணவனாக நக்கலடிக்கிறார். அந்த நக்கல் கட்சியை நோக்கியது அல்ல, அண்ணன்மார்களை நோக்கியது என்பது என் கணிப்பு. எழுபதுகளில் அங்கே ராக் என்றால் சரயேவோவின் பியேலோ டுக்மே குழுதான். தோள்வரை முடி, நாட்டுப்புற மெட்டு கலந்த கனத்த கிட்டார். 1977 ஆகஸ்டில் பெல்கிரேடின் ஹைதுச்கா செஸ்மாவில் அவர்கள் இலவசமாக வாசித்தபோது பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அவர்களுக்கு நோவி சாத் நகரத்துப் பையன்களான பெகின்ஷ்கா பட்கா கொடுத்த பதில் ஒரு பாட்டு: குட்டை முடி வைத்துக்கொள்வதே மேல்! வீட்டில் அப்பாவும், கட்டாயப் பணிக்கு அழைக்கிற ராணுவமும் சொல்வது அதையேதான். கீழ்ப்படிவதுபோல் காட்டியே வம்புக்கு இழுக்கிறார்கள். இதை லண்டனில் எழுதியிருக்க முடியாது.

பலித்ததா என்றால், பலித்தது. இவர்கள் மட்டும் காரணமல்ல. லுப்லியானாவின் பங்க்ர்ட்டி, ரியேகாவின் பராஃப் என்று நாலாபக்கமும் பங்க் குழுக்கள் கிளம்பியிருந்தன. 1980 முடிவதற்குள் பியேலோ டுக்மே பங்க்கை ஒட்டி எழுந்த ‘புதிய அலை’ (நியூ வேவ்) பாணியில் ஒரு தொகுப்பு வெளியிட்டது. முடியையும் வெட்டிக்கொண்டார்கள். பாடகர் ஷெல்கோ பெபெக் தன் அடையாளமான மீசையையே எடுத்துவிட்டார்.

நண்பருக்குக் குறை சொல்லியே ஆகவேண்டுமென்றால், 1981இல் வந்த இவர்களுடைய இரண்டாவது தொகுப்பைக் கேட்கச் சொல்லுங்கள். இருண்ட, இறுகிய இசை; விமர்சகர்கள் சிலர் அதைத்தான் உயர்த்திப் பேசுவார்கள். லண்டன் வாடை அதில்தான் எனக்கு அடிக்கிறது.